ஆக்டன் பட்டறையும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியும்

1870ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாட்டில் துப்பாக்கி வாங்கச் சென்றவர் பெரும்பாலும் கேட்டது ஒரே கேள்விதான்: இது எத்தனை தோட்டாக்களைத் தாங்கும்? நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தானே வந்து குழலில் அமரும் துப்பாக்கிகளை விஞ்செஸ்டர் நிறுவனம் ஆயிரக்கணக்கில் செய்து குவித்துக்கொண்டிருந்தது. விரைவே வலிமை என்று எல்லாரும் நம்பிய காலம் அது. அந்தக் காலத்தில்தான், 1878இல், யூட்டா நிலப்பகுதியின் ஆக்டன் என்னும் சிற்றூரில் இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர், ஒருமுறைக்கு ஒரே தோட்டாவை மட்டும் ஏற்கும் துப்பாக்கி ஒன்றைத் தம் தந்தையின் பட்டறையில் அரமும் உளியும் கொண்டு செய்யத் தொடங்கினார். அவர் பெயர் ஜான் மோசஸ் பிரௌனிங்.

காலம் முன்னோக்கி ஓடும்போது இவர் மட்டும் ஏன் பின்னோக்கி நடந்தார் என்று கேட்கத் தோன்றும். அவர் பின்னோக்கி நடக்கவில்லை. அக்காலத்துப் பல தோட்டாத் துப்பாக்கிகளுக்கு ஒரு குறை இருந்தது. தோட்டா தன் கூண்டிலிருந்து கிளம்பி, தூக்கியில் ஏறி, குழலுக்குள் நுழைய வேண்டுமாயின் அது குட்டையாக இருக்க வேண்டும். பின்வாயை அடைக்கும் பூட்டு அவ்வளவு உறுதியற்றது ஆகையால் மருந்தும் மட்டாகவே இருக்க வேண்டும். முயலுக்கும் மானுக்கும் அது போதும். நெடுந்தொலைவில் நிற்கும் பெருவிலங்கை ஒரே குண்டில் வீழ்த்தவும், ஆயிரம் கஜத்துக்கு அப்பால் உள்ள குறியைத் தப்பாமல் தொடவும் அது போதாது. அதற்கு நீண்ட தோட்டா வேண்டும். நிறைந்த மருந்து வேண்டும். அந்த மருந்து வெடிக்கும்போது எழும் அழுத்தத்தைச் சுடுபவரின் கன்னத்தருகே அடக்கி நிறுத்தும் ஓர் எஃகுக் கட்டி வேண்டும். ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியின் வரலாறு முழுவதும் அந்த எஃகுக் கட்டியின் வரலாறே எனலாம்.

பழைய துப்பாக்கிகளில் மருந்தும் குண்டும் குழலின் முன்வாய் வழியே இடிக்கப்பட்டன. பின்புறம் நிலையாக மூடப்பட்டிருந்தது. ஆகவே அங்கே கசிவு பற்றிய கவலை இல்லை. பின்வாய் வழியே தோட்டா இடும் எண்ணம் தோன்றியதும், திறக்கவும் வேண்டும், இறுக மூடவும் வேண்டும் என்ற சிக்கல் பிறந்தது. கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் என்பவர் 1848இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், எஃகுக் கட்டி ஒன்று செங்குத்தான வழியில் கீழே இறங்கித் தோட்டாவுக்கு வழிவிட்டது. மேலே ஏறி வாயை அடைத்தது. கிணற்றில் இறங்கி ஏறும் வாளிபோல எளிய இயக்கம்தான். ஆனால் வெடிப்பின் விசை பின்னோக்கி உந்தும்போது அக்கட்டி தன் இருபுறத்துச் சுவர்களின் மீது முழுமையாகச் சாய்ந்து நிற்கும், பெயர வழியில்லை. உலோகத் தோட்டா பரவலான பிறகு இந்த அமைப்பின் மதிப்பு பன்மடங்காயிற்று.

அதன் மதிப்பை உலகம் கண்ணாரக் கண்டது 1874ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள். நியூயார்க்கை அடுத்த கிரீட்மூர் திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. முந்தைய ஆண்டு பிரிட்டனின் உயர்ந்த பரிசுகளில் ஒன்றான எல்கோ கேடயத்தை வென்று வந்திருந்த அயர்லாந்தியர், முன்வாய் வழி மருந்திடும் ரிக்பி துப்பாக்கிகளோடு வந்தனர். அமெரிக்கர் அறுவரும் பின்வாய் வழித் தோட்டா இடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகளை ஏந்தினர். 800, 900, 1000 கஜத் தொலைவுகளில் ஆளுக்குப் பதினைந்து குண்டுகள் வீதம் சுட்டனர். அயர்லாந்து வீரர் ஒருவர் நடுப்புள்ளியைச் சரியாகத் தொட்டார். ஆனால் தொட்டது பக்கத்துக் குறிப்பலகையின் நடுப்புள்ளியை! அதற்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. இறுதிக் குண்டு ஒன்றே எஞ்சிய நிலையில் அமெரிக்கர் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தனர். கடைசியாகச் சுட வேண்டிய கர்னல் போடைனின் கையைச் சற்று முன்புதான் உடைந்த பான்புட்டி ஒன்று கிழித்திருந்தது. குருதி வழியும் கையைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு அவர் சுட்ட குண்டு நடுப்புள்ளியில் பாய்ந்தது. 934க்கு 931. மூன்றே புள்ளிகளில் ஒரு யுகம் முடிந்து மற்றொன்று தொடங்கிற்று என்றால் அது மிகை. ஆயினும் அன்றைய செய்தித்தாள்களைப் படித்தவர்களுக்கு அவ்வாறே தோன்றியிருக்கும்.

இந்தப் புகழுக்கு இருண்ட மறுபக்கம் ஒன்றுண்டு. அதனை மறைத்துவிட்டு இத்துப்பாக்கிகளைப் பற்றி எழுதுதல் முறையன்று. 1871 அளவில் காட்டெருமைத் தோலை நல்ல தோற்பொருளாகப் பதப்படுத்தும் முறை கைவரப்பெற்றதும், அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் தோல் வேட்டையாடுவோர் படைபடையாக இறங்கினர். தொலைவிலிருந்து, மந்தை மிரண்டு ஓடாதபடி, ஒவ்வொன்றாகச் சுட்டு வீழ்த்த அவர்கள் விரும்பி ஏந்தியது ஷார்ப்ஸ் போன்ற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியையே. கோடிக்கணக்கில் மேய்ந்த மந்தைகள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் துடைத்தெறியப்பட்டன. 1889இல் வில்லியம் ஹார்னடே கணக்கெடுத்தபோது எஞ்சியிருந்தவை ஏறத்தாழ ஆயிரம். அந்த மந்தைகளை நம்பி வாழ்ந்த சமவெளிப் பழங்குடி மக்களின் உணவும் உடையும் உறைவிடமும் அவற்றோடு போயின. ஷார்ப்ஸ் நிறுவனமும் 1881இல் மூடப்பட்டது. பிரௌனிங் தம் துப்பாக்கியைக் கருக்கொண்ட போது இந்த அழிவு முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது என்பதை வாசகர் மனத்திற் கொள்வது நன்று.

இனி ஆக்டனுக்கு வருவோம்.

ஜானின் தந்தை ஜொனதன் பிரௌனிங் 1805இல் டென்னசி மாநிலத்தில் பிறந்தவர். கொல்லுத் தொழிலும் துப்பாக்கித் தொழிலும் தெரிந்தவர். நெருப்பில் காய்ச்சிய இரும்பு எந்த நிறத்தில் எப்படி வளையும் என்பதை ஏட்டில் படித்தறியாமல் கையால் அறிந்த பரம்பரை. குறுக்கே நகரும் எஃகுச் சட்டம் ஒன்றில் பல வெடிகளை அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சுடக்கூடிய துப்பாக்கி ஒன்றை அவரே முன்னர் வடிவமைத்திருந்தார். இல்லினாய் மாநிலத்தில் வாழ்ந்தபோது மார்மன் சமயத்தைத் தழுவினார். அச்சமயத்தார் அங்கிருந்து துரத்தப்பட்டு மேற்கே குடிபெயர்ந்தபோது, அயோவாவில் சில ஆண்டுகள் தங்கிச் செல்வோருக்குத் துப்பாக்கி செய்து கொடுத்துவிட்டு, 1852இல் தம் குடும்பத்தோடு மாட்டு வண்டியில் சமவெளியைக் கடந்து ஆக்டனை அடைந்தார். பெருங்குடும்பம், மூன்று மனைவியர், இருபத்திரண்டு மக்கள். அவர்களுள் ஒருவராக 1855ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பிறந்தவரே ஜான்.

ஜொனதனின் பட்டறை துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று. கலப்பைக் கொழு, வண்டிச் சக்கரப் பட்டை, அடுக்களைப் பாத்திரம், ஆலைப்பல்சக்கரம் என்று ஊரில் உடைந்த அனைத்தும் அங்கே வந்தன. புதிய குடியேற்றத்தில் உடைந்ததை எறிந்துவிட்டு வேறு வாங்க வழியில்லை. கடையும் இல்லை, காசும் இல்லை. பழுது பார்த்தலே அங்குத் தலைமைத் தொழில். சிறுவன் ஜானுக்குப் பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லை. பட்டறைப் படிப்பு நிறையக் கிடைத்தது. ஏறத்தாழப் பத்து வயதிலேயே, பட்டறையின் கழிவுக் குவியலில் கிடந்த குழலொன்றையும் மரத்துண்டையும் சேர்த்துக் கட்டி ஒரு துப்பாக்கி செய்தான் என்றும், தம்பி மாத்யூவை அழைத்துக்கொண்டு போய் அதனால் பறவை வீழ்த்தி வந்தான் என்றும் குடும்பத்தார் பின்னாளில் சொல்லி வந்தனர்.

பழுது பார்க்கும் பட்டறை ஒரு விந்தையான கல்விக்கூடம். புதியதைச் செய்யும் தொழிற்சாலையில் வேலை பழகுகிறவன் ஒரு கருவி எப்படி இயங்க வேண்டும் என்பதைக் கற்கிறான். பழுது பார்ப்பவனோ அது எப்படி இயங்காமற் போகிறது என்பதைக் கற்கிறான். எந்த ஊசி முறியும், எந்த வில் தளரும், எந்த மூலையில் புகையும் அழுக்கும் தேங்கும், மேய்ச்சல் நிலத்து இடையன் ஒருவன் துருப்பிடித்த துப்பாக்கியை எவ்வாறெல்லாம் வதைப்பான் என்பதெல்லாம் ஜானுக்கு இருபது வயதுக்குள் பாடமாகியிருந்தன. நாட்டின் அனைத்து நிறுவனங்களின் பிழைகளும் அவருடைய மேசைக்கு வந்து சேர்ந்தன. அவர் பின்னாளில் செய்த கருவிகளில் உறுப்புகள் சிலவாகவும் தடித்தனவாகவும் இருந்ததற்குக் காரணம் இதுவே என்று கருதுவதில் தவறில்லை.

1878இல் ஒருநாள், உறுப்புகள் மலிந்த சிக்கலான துப்பாக்கி ஒன்று பழுதாகி வந்தது. அதைப் பிரித்துப் பார்த்த ஜான், இதனினும் நல்லதை நானே செய்வேன் என்று சலித்துக்கொண்டார். எழுபதைக் கடந்து தளர்ந்திருந்த தந்தை, உன்னால் இயலும் என்பதை அறிவேன், தொடங்கிவிடு, அதைக் கண்டுவிட்டுப் போக விரும்புகிறேன் என்னும் கருத்துப்படச் சொன்னார் என்பது குடும்ப வரலாறு. தந்தை மகனுக்கிட்ட ஆணையாக அல்லாமல், முதிய தொழிலாளி ஒருவர் இளைய தொழிலாளியிடம் வைத்த வேண்டுகோளாக அது ஒலிக்கிறது. காலம் குறைவு என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

ஜான் ஓய்வுப் பொழுதுகளில் வேலையைத் தொடங்கினார். பட்டறையில் நுண்ணிய பொறிகள் இல்லை. காலால் மிதித்து இயக்கும் கடைசல் எந்திரம், உலை, பட்டடைக்கல், துளைக்கருவி, உளிகள், அரங்கள். இவ்வளவே. வரைபடம் வரைந்து அளவு குறித்துப் பின்னர் செய்யும் பழக்கமும் அவருக்கு அன்று இல்லை. தாளிலோ பலகையிலோ கிறுக்கிய கோட்டையும் மனத்திலிருந்த உருவத்தையும் கொண்டே செய்தார். காய்ச்சி அடித்து உருக்கொடுத்த இரும்பை, அரத்தால் மயிரிழை மயிரிழையாகத் தேய்த்து ஒன்றோடொன்று பொருத்தினார். நெம்புகோலைக் கீழே தள்ளினால் எஃகுக் கட்டி தன் வழியில் நேராக இறங்கும். தோட்டாவை வைத்து நெம்புகோலை மடக்கினால் கட்டி ஏறி அடைக்கும். அதனோடு குதிரையும் நிமிர்ந்து சுடுவதற்கு ஆயத்தமாகும். ஷார்ப்ஸ் வகுத்த செங்குத்து வழியே இதிலும் இருந்தது. ஆனால் இத்தனை இயக்கங்களையும் இத்தனை குறைந்த உறுப்புகளால் செய்வித்தது புதிது.

துப்பாக்கி நன்கு இயங்கியது. ஆனால் கண்டுபிடித்ததைத் தமதாக்கிக்கொள்வது எப்படி என்பது ஆக்டனில் யாருக்கும் தெரியவில்லை. நியூயார்க்கிலிருந்த துப்பாக்கி வணிகர்களுக்கு எழுதிக் கேட்டு வழியறிந்து, 1879ஆம் ஆண்டு மே மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதற்கு முந்தைய மாதந்தான் அவருக்குத் திருமணம் நடந்திருந்தது. ஜூன் 21ஆம் நாள் ஜொனதன் காலமானார். அக்டோபர் 7ஆம் நாள் 2,20,271ஆம் எண்ணுள்ள காப்புரிமை வழங்கப்பட்டது. துப்பாக்கியைத் தந்தை கையில் ஏந்திப் பார்த்தார். அதற்கு அரசு தந்த தாளை அவர் பார்க்கவில்லை. ஜானின் பெயரில் பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் சேர்ந்தன. அவற்றுள் முதலாவது இது.

தந்தையின் மறைவால் பெருங்குடும்பத்தின் பாரம் இளையோர் தோளில் விழுந்தது. உடன்பிறந்தாரும் மாற்றாந்தாய் மக்களுமாகச் சேர்ந்து ஆக்டனின் முதன்மைத் தெருவருகே ஒரு சிறு தொழிற்கூடம் எழுப்பினர். பொறிகளை வரவழைத்தார்களேயன்றி, அவற்றை எவ்வாறு நிறுவி இயக்குவது என்று அறியாமல் திகைத்தனர். அவ்வழியே வந்த பிராங்க் ரஷ்டன் என்னும் ஆங்கிலேயத் துப்பாக்கித் தொழிலாளி அவர்களோடு தங்கி வேலை கற்பித்தது அவர்களின் நற்பேறு. இங்கிலாந்தின் பழைய தொழில்மரபு ஒன்று இவ்வாறு ஓர் ஒற்றை மனிதனின் கைவழியே யூட்டாவின் உப்புநிலத்துக்கு வந்து சேர்ந்தது. எட் பொறிகளைக் கவனித்தார். சாமும் ஜார்ஜும் அரம் பிடித்தனர். மாத்யூ விற்பனையையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். ஒரு துப்பாக்கியின் விலை 25 டாலர். 1880 முதல் 1883 வரை அங்கே ஏறத்தாழ 600 துப்பாக்கிகள் உருவாயின.

ஆயினும் ஜானுக்கு மகிழ்ச்சியில்லை. ஒரே உறுப்பை நூறு முறை தேய்ப்பது அவர் இயல்புக்கு ஒவ்வாதது. மனத்தில் வேறு கருவிகள் உருக்கொண்டிருக்க, கை மட்டும் பழைய ஒன்றையே படியெடுத்துக்கொண்டிருந்தது. கைத்தொழிலைப் போற்றுவோர் சில வேளை இதை மறந்துவிடுகின்றனர். முதற் பொருளைச் செய்யும் கைக்குள்ள இன்பம் அறுநூறாவது பொருளைச் செய்யும் கைக்கு இருப்பதில்லை.

விடிவு புகைவண்டியில் வந்தது. 1869ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த இருப்புப் பாதைகள் ஆக்டனுக்கு வடமேற்கே பிராமண்டரி என்னுமிடத்தில் இணைக்கப்பட்டிருந்தன. கண்டத்தைக் கடக்கும் வண்டிகளெல்லாம் தங்கிச் செல்லும் சந்திப்பாக ஆக்டன் வளர்ந்தது. விஞ்செஸ்டர் நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர் ஊரூராகச் செல்கையில், யாரோ பயன்படுத்திய பிரௌனிங் துப்பாக்கியொன்று அவர் கண்ணிற் பட்டது. இதுவரை கேள்விப்படாத பெயர்; ஆனால் வேலைப்பாடு அலட்சியப்படுத்தத் தக்கதன்று. அதை விலைக்கு வாங்கி, கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனிலிருந்த தலைமையகத்துக்கு அனுப்பினார். அந்நிறுவனத்தின் பொறுப்பிலிருந்தவர் தாமஸ் பென்னட். நிறுவனர் ஆலிவர் விஞ்செஸ்டரின் மருமகன். தொழில் நுணுக்கம் உணர்ந்தவர். விஞ்செஸ்டரின் பெரிய குறை எதுவோ அதற்கான மருந்து இத்துப்பாக்கியில் இருப்பதைக் கண்டார். அவர்கள் செய்த பல தோட்டாத் துப்பாக்கிகளால் தாங்கவியலாத நெடுந்தோட்டாக்களை இது எளிதாகத் தாங்கிற்று. போட்டி நிறுவனம் ஏதேனும் இதை வாங்கிவிட்டால்? பென்னட் புகைவண்டி ஏறிவிட்டார்.

1883இல் நாடறிந்த தொழிற்சாலை ஒன்றின் தலைவர், நாடறியாத பட்டறை ஒன்றின் வாயிலில் வந்து நின்ற காட்சி எண்ணிப் பார்க்கத்தக்கது. கொல்லத் தெருவில் ஊசி விற்க யாரும் துணிவதில்லை. இங்கோ கொல்லத் தெருவின் பெருவணிகரே ஊசி வாங்க ஊரைக் கடந்து வந்திருந்தார். ஜான் 10,000 டாலர் கேட்டார். பென்னட் 8,000 டாலருக்கு முடித்தார். அறுநூறு துப்பாக்கிகளையும் முழு விலைக்கு விற்றாலும் வருவது 15,000 டாலர்தான். அதில் பொருட்செலவும் உழைப்பும் அடங்கும். அதை நோக்கச் சகோதரர்களுக்கு இது பெருந்தொகையே. விஞ்செஸ்டர் பெற்றதோ அதைவிடப் பெரிது. அடுத்த பதினேழு ஆண்டுகளில் ஜான் வடிவமைத்த 44 துப்பாக்கிகளை அது வாங்கிற்று. அவற்றுள் செய்து விற்றவை பத்து மட்டுமே. மற்றவை பிறர் கைக்குப் போய்விடக் கூடாதென்று வாங்கிப் பூட்டி வைக்கப்பட்டவை.

நியூ ஹேவனில் வில்லியம் மேசன் முதலிய பொறியாளர்கள் சில திருத்தங்கள் செய்ய, 1885இல் அது விஞ்செஸ்டர் பெயரில் வெளிவந்தது. 1920 வரை ஏறத்தாழ 1,40,000 துப்பாக்கிகள் செய்யப்பட்டன. சிட்டுக்குருவி வேட்டைக்கான சிறு தோட்டா முதல் பெருவிலங்கு வேட்டைக்கான தோட்டா வரை எத்தனையோ வகைகளை அந்த ஓர் அமைப்பு தாங்கிற்று. முதல் உலகப் போர்க் காலத்தில் படைப்பயிற்சிக்கும் பயன்பட்டது. ஆனால் அதற்கு முன்பே அதன் காலம் சாய்ந்துவிட்டது. புகையற்ற மருந்தும், தாழ்ப்பாள்போல் முன்னும் பின்னும் தள்ளிப் பூட்டும் மௌசர் வகைத் துப்பாக்கிகளும் வந்த பின்னர், வலிமைக்காக ஒற்றைத் தோட்டாவோடு அமைய வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. ஒரே ஒரு தோட்டாவில் தொடங்கிய ஜானே பின்னர் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தோட்டாக்களைப் பொழியும் இயந்திரத் துப்பாக்கிகளை இரு உலகப் போர்களுக்கும் அளித்தவரானார். 1926ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், பெல்ஜிய நாட்டின் லியேஜ் நகரையடுத்த ஆயுதத் தொழிற்சாலையில், வேலையின் நடுவே அவர் உயிர் பிரிந்தது.

தொழிற்சாலைகள் கைவிட்ட பின்னர் இத்துப்பாக்கியை உயிரோடு வைத்திருந்தவர்கள் தனித் தொழிலாளர்களே. அவர்களுள் முதலிடம் ஹாரி போப்புக்கு உரியது. 1861இல் பிறந்து 1950இல் மறைந்த இவர், குழலின் உட்புறத்தில் சுருள்சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களைக் கையால் வெட்டுவதில் இணையற்றவர். அந்தப் பள்ளங்களே குண்டைச் சுழலச் செய்து அதன் போக்கை நேராக்குகின்றன; அவற்றில் ஒரு மயிரிழைப் பிழை நேர்ந்தாலும் இருநூறு கஜத்தில் அது தெரிந்துவிடும். போப் 1906இல் சான் பிரான்சிஸ்கோவில் புதுப்பட்டறை திறந்தார். திறந்த சில நாள்களிலேயே, ஏப்ரல் 18ஆம் நாள், நகரை அழித்த நிலநடுக்கமும் தீயும் அதை விழுங்கின. பின்னர் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி நகரில் குப்பையும் பொருளும் கலந்து கிடந்த பட்டறையொன்றில் முதுமை வரை உழைத்தார். இன்ன நாளில் தருவேன் என்று அவர் யாருக்கும் வாக்களிப்பதில்லை. ஆண்டுக் கணக்கில் காத்திருந்தோர் உண்டு. இது பெருமையா, வாடிக்கையாளர்க்கு இழைத்த கொடுமையா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. அவர் குழல்கள் சுட்ட குறிப்பலகைகளோ வேறுபாட்டுக்கு இடம் தரவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், வீட்டின் பின்கட்டிலும் வண்டிக் கொட்டகையிலும் சிறு பட்டறை வைத்திருந்த அமெரிக்கர் பலர் இப்பழைய துப்பாக்கிகளின் பக்கம் திரும்பினர். 1948இல் அமெரிக்க ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிச் சங்கம் அமைந்தது. 1967இல் ரூகர் நிறுவனம், ஸ்காத்லாந்தின் வேட்டைக்காவலர் ஜான் ஃபார்க்கர்சன் 1872இல் காப்புரிமை பெற்ற அமைப்பைத் தழுவிப் புதிய ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பலர் வியந்தனர். அது விலைபோகாது என்றவர்களும் உண்டு. விலைபோயிற்று. 1969இல் ஃபிராங்க் டி ஹாஸ் இவ்வகைத் துப்பாக்கிகள் அனைத்தையும் பிரித்து விளக்கி எழுதிய நூல், வீட்டுப் பட்டறைக்காரர்களின் கையேடாயிற்று. துருவேறிய பழைய உடலொன்றை வாங்கி, அதற்குக் குழலும் கட்டையும் தாமே பொருத்தி, 1880களின் தோற்றத்தில் ஒன்றை உருவாக்குவது ஒரு தனிக்கலையாக வளர்ந்தது.

இது அந்நாட்டில் இயன்றதற்கு அந்நாட்டுச் சட்டமே காரணம். 1898ஆம் ஆண்டு முடியச் செய்யப்பட்டவற்றைத் தொன்மைப் பொருளாகக் கருதும் விதி அங்கு 1968இல் வகுக்கப்பட்டது. துப்பாக்கிக் குற்றங்களுக்குக் கடுந்தண்டனை விதிக்கும் சட்டங்கள் மலேசியாவில் 1971இலும் சிங்கப்பூரில் 1973இலும் இயற்றப்பட்டன. ஆகவே நம் வாசகர்க்கு இது வேற்று நிலத்துச் செய்தியே. துப்பாக்கி மலிந்த அந்நிலத்தின் துயரங்களும் உலகறிந்தவை. எனினும் அக்கலையில் உள்ள கைத்திறன், தச்சரும் கொல்லரும் எந்நாட்டிலும் உணரக்கூடியது.

எடுத்துக்காட்டாக, கட்டை பொருத்தும் வேலையைப் பார்க்கலாம். வால்நட் மரமே இதற்கு உகந்தது. அறுத்த மரம் ஆண்டுக்கணக்கில் உலர வேண்டும். கைப்பிடி மெலியும் இடத்தில் இழை குறுக்கே ஓடினால் அதிர்வில் பிளந்துவிடும். ஆகவே இழையோட்டம் பார்த்து வெட்ட வேண்டும். எஃகு உடல் அமரும் பள்ளத்தை உளியால் குடையும்போது, எஃகின்மீது விளக்குப் புகைக்கரியைப் பூசி மரத்தில் அழுத்தி எடுப்பார்கள். மரத்தில் கரி ஒட்டிய இடம் மேடு. அம்மேட்டை மட்டும் சுரண்டிவிட்டு மீண்டும் அழுத்துவார்கள். கரி பள்ளமெங்கும் ஒரே சீராக ஒட்டும்வரை, நூறு முறையாயினும், இவ்வாறே செய்ய வேண்டும். அவசரப்பட்டு ஒரு சீவல் கூடுதலாக எடுத்தால் மரத்துக்கும் எஃகுக்கும் இடையே வெளிச்சம் தெரியும். போன மரம் திரும்பாது. எஃகுக்கு நிறமேற்றும் பழைய முறையும் அத்தகையதே. எலும்புக்கரியோடு பெட்டியில் அடைத்துச் செந்தணலாகக் காய்ச்சி நீரில் கவிழ்க்க, மேற்பரப்பு கடினமாவதோடு நீலமும் பழுப்பும் வைக்கோல் நிறமும் மேகம்போல் படரும். இரண்டு உறுப்புகளில் ஒரே கோலம் அமைவதில்லை.

இத்தகைய துப்பாக்கியைப் பழையதன் போலி என்று இகழ்வோர் உளர். மின்விசையால் சுழலும் கடைசல் எந்திரமும் தொழிற்சாலை எஃகும் கொண்டு செய்துவிட்டு, தோற்றத்தில் மட்டும் தொன்மை காட்டுவது நேர்மையா என்பது அவர்கள் வினா. வினாவில் உண்மை இல்லாமலில்லை. 1990இல் வெளியான ஒரு திரைப்படத்தின் கதைத்தலைவன் ஷார்ப்ஸ் துப்பாக்கி ஏந்தி நடித்ததும், அதன் புதுப்படிகளைச் செய்யும் மாண்டானா மாநில நிறுவனங்களுக்கு வேண்டுகோள்கள் குவிந்தன. அவ்வகை வேட்கையில் பெரும்பகுதி வேடமே. ஆனால் மின்விசை வந்ததால் அரம் தேவையற்றுப் போகவில்லை. இறங்கி ஏறும் எஃகுக் கட்டி தன் வழியில் சிக்காமலும் ஆடாமலும் நகர வேண்டுமென்றால், இறுதி மயிரிழை இன்றும் கையால்தான் எடுக்கப்படுகிறது. தொன்மை அந்த இடத்தில்தான் இருக்கிறது, நிறத்தில் இல்லை.

ஆக்டனில் செய்த அறுநூறு துப்பாக்கிகளில் எஞ்சியவை மிகச் சில. சேகரிப்போர் அவற்றைத் தேடித் திரிகின்றனர். அவற்றின் குழல்களில் உடன்பிறந்தார் பெயரும் ஊர்ப் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. விஞ்செஸ்டரின் துப்பாக்கியில் ஓர் உறுப்பு முறிந்தால், அதே வகைத் துப்பாக்கியின் உறுப்பை எடுத்துப் பெரும்பாலும் பொருத்திவிடலாம். ஆக்டன் துப்பாக்கிக்கு அது இயலாது. ஒவ்வொன்றும் தன் உடலுக்கென்றே அரத்தால் தேய்த்துப் பொருத்தப்பட்டது. ஒன்றன் உறுப்பு மற்றொன்றில் அமராது. முறிந்த உறுப்புக்கு ஈடாக வேறொன்று வேண்டுமாயின், இரும்புத் துண்டு ஒன்றைப் பிடியில் இறுக்கி, அரத்தைக் கையிலெடுத்துக்கொண்டு, சாமும் ஜார்ஜும் தொடங்கிய இடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.